கதவுக்கு என்ன படிப்பு

முப்பத்திரண்டு வீட்டுக்கு இரண்டே சலவை இயந்திரம்.
கோத்தன்பர்க்கில் எங்கள் குடியிருப்பில்
சண்டை என்று ஒன்று மூண்டால்
அது நிலவறையில்தான் மூளும்,
ஈரத் துணிகளுக்கு நடுவே.

போன மார்ச் வரை சுவரில் ஒரு பலகை இருந்தது.
வீட்டுக்கொரு சின்னப் பூட்டு.
வேண்டிய கிழமையில், வேண்டிய மணியில்
மாட்டிவிட்டால் அந்த நேரம் நம்முடையது.
இப்போது அங்கே நான்கு திருகாணி ஓட்டைகள்.
கதவில் ஒரு கறுப்புக் கண்ணாடிச் சில்லு,
அதற்குள் கண் சிமிட்டும் பச்சைப் புள்ளி.

செயலியை இறக்கச் சொன்னார்கள். இறக்கினேன்.
பிறந்த தேதி கேட்டது.
இருக்கும் இடம் கேட்டது.
உன் தொடர்புகளைப் பார்க்கலாமா என்றது.
நாலு பனியன் துவைக்க
என் மைத்துனியின் எண் எதற்கு?

நான் பழைய பஞ்சாங்கம் இல்லை,
அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
டிராம் ஓட்டுகிறேன், பதினோராம் தடம்.
என் இடது காதில் இருக்கும் கருவி
கைப்பேசியோடு தானாகவே பேசிக்கொள்கிறது.
அது வந்த பிறகுதான்
மழைச் சத்தமும் பயணிகளின் முணுமுணுப்பும்
வேறு வேறு என்று தெரிந்தது.
அதைப் பிடுங்க வருகிறவன் கையைக் கடிப்பேன்.
ஆனால் கதவு என்றால்
திறக்கத் தெரிய வேண்டும், மூடத் தெரிய வேண்டும்.
அதற்கு மேல் கதவுக்கு என்ன படிப்பு?

குடியிருப்போர் கூட்டத்தில் இதைத்தான் சொன்னேன்,
கொஞ்சம் உரக்க.
இரண்டாம் மாடி ஹில்டிங் மேசையைத் தட்டினார்.

அப்போது இப்திசாம் எழுந்தார்.
மருத்துவமனையில் இரவுப் பணி,
கோட்டைக்கூடக் கழற்றவில்லை.
"உங்கள் பலகையில் ஒரு ஞாயிறு
எனக்குக் கிடைத்ததுண்டா?
ஹில்டிங் பூட்டு அங்கே பதினோரு வருடம் தொங்கியது.
ஒரு தடவை என் பூட்டு தரையில் கிடந்தது,
தானாக விழும் பூட்டு அது இல்லை.
செயலிக்கு என் பெயரைச் சொல்ல வராது.
பெயரைப் பார்த்து முகம் சுளிக்கவும் வராது.
விடிகாலை மூன்று மணிக்குப் பேருந்தில் உட்கார்ந்து
எனக்கான நேரத்தை எடுத்துக்கொள்கிறேன்."

ஹில்டிங் தன் காலணியைப் பார்த்தார்.
நான் என் காப்பியைப் பார்த்தேன்.
என் கருத்துக்கும் அன்று
கொஞ்சம் சாயம் போனது.

நவம்பரில் ஒரு ஞாயிறு
பச்சைப் புள்ளி சிவப்பானது.
உள்ளே இப்திசாமின் சீருடைகள்,
சுழன்று முடித்து, இறுகிக் கிடந்தன.
ஒன்பது மணிக்குப் பணி.
ஏழு பேர் வரிசையாக நின்று
ஏழு கைப்பேசிகளைக் கதவிடம் காட்டினோம்,
பிடிவாதக் குழந்தைக்குப் பொம்மை காட்டுவதுபோல.
நிறுவனத்தை அழைத்தால் பியானோ வாசித்தது.
வரிசையில் நீங்கள் நூற்று நாற்பத்து மூன்றாவது.

ஹில்டிங் வந்தார், கையில் திருப்புளி.
கீல்களின் பக்கம் போனார்.
எந்தச் செயலியும் கீலைப் பற்றி யோசித்ததில்லை.
பத்து நிமிடத்தில் கதவைத் தூக்கிச் சுவரில் சாய்த்தோம்.
சீருடைகளை என் வீட்டு வெப்பக் குழாய்மேல் பரப்பினோம்.
முழங்கை ஈரத்தோடுதான் அவர் கிளம்பினார்.

எங்கள் பைகளில் மாலைவரை அதிர்ந்தது:
கதவு திறந்திருக்கிறது.
கதவு திறந்திருக்கிறது.

புதன்கிழமை அபராதம் வந்தது,
ஆயிரத்து இருநூறு குரோனர்,
நேரம் எடுத்திருந்தவர் பெயரில்.
அடுத்த மின்னஞ்சலில் ஒரு கேள்வி:
உங்கள் அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம்?

பணத்தை ஏழாகப் பங்கிட்டோம்.
கோரிக்கையை நான் எழுதினேன், இப்திசாம் திருத்தினார்.
நேரம் எடுப்பது செயலியிலேயே இருக்கட்டும்.
கதவுக்கு மட்டும் ஒரு சாவி.
'மனித மாண்பு' என்று ஓரிடத்தில் எழுதியிருந்தேன்,
அடித்துவிட்டார். துணி துவைக்கத்தானே, என்றார்.

ஹில்டிங் மூன்றாவதாகக் கையெழுத்திட்டார்.
பேனாவைத் திருப்பித் தராமல்
மெதுவாகக் கேட்டார்:
"வருகிற ஞாயிறு, பதினொரு மணி, காலியாக இருக்கிறதா?"

"செயலியில் பாருங்கள்,"
என்றார் இப்திசாம்.